பாரதி பாட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள்?



நம் தோட்டப் பள்ளி விழாக்களில் பாரதியார் பாட்டு இல்லாமல் இருப்பதில்லை. பிள்ளைகள் பாடுகிறார்கள், நாம் கைதட்டுகிறோம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால், அதே பாட்டைப் படத்தில் சேர்த்ததற்காக வழக்கு வந்த காலமும் உண்டு.

பாரதியார் 1921-இல் மறைந்தார். குடும்பத்துக்கு அவர் வைத்துப்போன சொத்து எழுத்து ஒன்றுதான். வறுமை அதையும் விற்க வைத்தது. நூலாக அச்சிடும் உரிமை அவர் தம்பி விசுவநாதனிடம் போயிற்று. இசைத்தட்டில் பதிக்கும் உரிமையோ ஒரு வணிகரிடம் போயிற்று. இதை நாம் கவனிக்க வேண்டும். அச்சிடுவது வேறு உரிமை, பாடிப் பதிவு செய்வது வேறு உரிமை.

அந்த இசைத்தட்டு உரிமையைப் பின்னாளில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். 1947-இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உரிமை தம்முடையது என்று செட்டியார் வழக்குத் தொடுத்தார். காசு கொடுத்து வாங்கியவர் கேட்டதில் சட்டப்படி தவறில்லை. ஆனால், நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டுக்கு நாட்டு மக்கள் ஒருவர் வாசலில் போய் நிற்பதா என்ற குரல் எழுந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமைகளை ஏற்றுக்கொண்டது. செட்டியார் பணம் வாங்காமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் மனைவி செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் கிடைத்தது. பின்னர் அந்த எழுத்து பொதுச் சொத்தாயிற்று.

எல்லாக் கவிஞருக்கும் இப்படி நடக்கவில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளிலும் மறைந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆகவே, சங்க மலரில் ஒரு கவிதை போட விரும்பினால், உரிமை எழுதியவரிடமா பதிப்பகத்திடமா என்று முதலில் விசாரியுங்கள். புத்தகத்தின் முன்பக்கத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்தக் கவிதை, எத்தனை படிகள், விலைக்கா இலவசமா என்று கடிதத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நாமே ஒருமுறை கேளாமல் போட்டுவிட்டோம். எழுதியவர் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி. மலரோடு வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேனே, சார்" என்றார். பெயரைக்கூடப் பிழையாக அச்சடித்திருந்தோம். அடுத்த மலருக்கு அவருக்குத்தான் முதல் கடிதம் எழுதினோம்.