கடலுக்குத் ‘தப்பும்’ நீர்

‘தண்ணி வீணா கடல்ல போவுது’ என்பது காவிரி டெல்டாவில் எல்லோருடைய பேச்சும். விவசாயி சொல்கிறார், அமைச்சர் சொல்கிறார், நமது இடதுசாரி நண்பர்களும் சொல்கிறார்கள். இந்த ‘வீண்’ எங்கிருந்து வந்தது?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டமும் நேரானது. விட்டால் ஆறு அந்தப் பக்கம்தான் சாயும், காவிரி மணல்மேடாகிவிடும். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியது இதைத் தடுக்கத்தான். கல்லணையின் வேலையும் ஏறத்தாழ இதுவே என்பதால், காட்டன் புதிதாக எதையும் செய்துவிடவில்லை என்று வாதிடலாம். புதிதாக வந்தது கணக்கு. நஞ்சைக்குத் தீர்வை உண்டு, கழிமுகத்துச் சேற்றுக்குக் கிடையாது. வரி ஈட்டாத நீரே வீண்நீர் ஆயிற்று என்று நான் வாசிக்கிறேன்.

1924 ஒப்பந்தம், 1934இல் மேட்டூர். அதோடு வண்டலும் மேலேயே தங்கிப்போயிற்று. பிறகு நடந்த மாநிலச் சண்டை நாம் அறிந்ததே. ஆனால் சண்டையிடும் இரு தரப்புக்கும் பொதுமொழி ஒன்றுதான்: டி.எம்.சி. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி.யைப் பங்கு வைத்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14இல் சுற்றுச்சூழலுக்குப் பத்து. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் ‘தப்பி’ப் போவது நான்கு. தப்புகிறதாம், கைதி மாதிரி! 2018இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. இந்தப் பதினான்கை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அளவுக்கு அதற்கு வழக்காடிகளும் இல்லை.

அந்தப் பத்து எப்போது வரவேண்டும் என்று நடுவர் மன்றத்தின் அட்டவணையைப் பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை, மாதம் 2.5, பிலிகுண்டுலுவில். பிலிகுண்டுலு மேட்டூருக்கு மேலே இருக்கிறது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மேட்டூரின் பாசன வழக்கம். அதாவது சூழலுக்கான நீர் வந்து சேர்வது பாசனத்துக்கு அணை மூடியிருக்கும் மாதங்களில். குடிநீருக்கு விடுவது தனி. முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் கடலைச் சேரும் இடத்தில், கோடையில் காயலின் உப்பு ஏறுகிறது. அங்கே பெரும்பாலும் மிஞ்சி நிற்பது உப்பைத் தாங்கும் அலையாத்தி. காயலில் இறால், நண்டு பிடிப்பவருக்கு எந்த மாநிலத்தின் வக்கீலும் வாதாடியதில்லை.

நன்னீர் பின்வாங்கிய கடைமடையில் யார் நுழைந்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். 1990களில் இறால் பண்ணைகள் உப்புநீரை வயல்வரை கொண்டுவந்தன. ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாளோடு நிலமற்ற கூலிப்பெண்கள் அதை எதிர்த்து நின்றார்கள். 1996 டிசம்பரில் தீர்ப்பு சாதகமாக வந்தது. 2005இல் ஒரு சட்டம் போட்டுப் பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டார்கள்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தபோது, கொள்ளிடம் நிறையத் தண்ணீர். கடைமடை வயலிலோ தண்ணீர் இல்லை. அந்த விவசாயியின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவருடைய வாய்க்கால் தூர்ந்துகிடந்ததற்குக் கடல் என்ன செய்யும்? மேலணையில் இப்போது புதிய கதவணை கட்டியாயிற்று. அந்தப் பத்து டி.எம்.சி. எந்த ஆற்று வழியாக, எந்த வாரம் முத்துப்பேட்டைக்குப் போகவேண்டும்? நடுவர் மன்றத்தின் அட்டவணை பிலிகுண்டுலுவோடு முடிந்துவிடுகிறது.