நடவாப் பாதைகள்: நிரல் ஆய்வில் ஒரு தேடலின் வரலாறு

கணினி நிரலை இயக்காமல், அதன் வரிகளை மட்டும் படித்துப் பிழை தேடுவது நிலையான பகுப்பாய்வு. நிரலில் வரும் ஒவ்வொரு நிபந்தனையும் வழியை இரண்டாகப் பிரிக்கிறது. அடுத்தடுத்து 20 நிபந்தனைகள் வந்தால் 10,48,576 பாதைகள் உண்டாகும். அவற்றுள் சில ஒருபோதும் நடக்க முடியாதவை. ஓர் எண் 10-ஐவிடப் பெரியதா என்று ஒரு வரி சோதிக்கிறது. எண் மாறாத நிலையில், அது 5-ஐவிடச் சிறியதா என்று பின்னொரு வரி சோதிக்கிறது. இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை வரும் பாதையில் நிரல் செல்லவே முடியாது. அங்கே பிழை இருப்பதாகக் கருவி சொன்னால் அது பொய் எச்சரிக்கை.

நிரலில் தரவு எப்படிப் பரவுகிறது என்று கணிக்க 1973-இல் கேரி கில்டால் வகுத்த தரவோட்ட ஆய்வு, எல்லாப் பாதைகளும் நடக்கக்கூடியவை என்றே கொண்டது. 1976-இல் ஜேம்ஸ் கிங், மாறிகளில் எண்களுக்குப் பதிலாகக் குறியீடுகளை இட்டு, பாதையின் நிபந்தனைகளைத் திரட்டி, முரண் வந்தால் அப்பாதையைக் கைவிடும் முறையை விளக்கினார். ஆனால் சுழற்சிகள் உள்ள நிரலில் பாதைகளுக்கு முடிவில்லை. நடவாப் பாதைகள் அனைத்தையும் கண்டுபிடிக்கும் பொதுவான செய்முறை இருக்கவும் முடியாது. நிரல்களின் போக்கை முன்கூட்டியே தீர்மானிக்கும் பொதுச் செய்முறை இல்லை என்று ஆலன் டூரிங் 1936-இல் நிறுவிய முடிவிலிருந்து இது பெறப்படுகிறது.

1997-இல் போடிக், ராஜீவ் குப்தா, மேரி லூ சோஃபா ஆகியோர் வேறு வழி கண்டனர். ஒரு கிளையின் முடிவு பின்வரும் கிளையின் முடிவை நிர்ணயிக்கும் இடங்களைக் கண்டறிந்து, அந்த நடவாப் பாதைகளை விலக்கித் தரவோட்ட ஆய்வைக் கூர்மையாக்கினர்.

அடுத்த பெரும் முன்னேற்றத்தில் சென்னைக்கும் பங்குண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பாலுடன் சேர்ந்து 'ஸ்லாம்' கருவியை உருவாக்கினார். பூட்டிய பூட்டை மீண்டும் பூட்டுவது போன்ற விதிமீறல்களை விண்டோஸின் சாதன இயக்கிகளில் அது தேடியது. முதலில் நிரலின் எளிய சுருக்கத்தை ஆராயும். அதில் பிழைப்பாதை கிடைத்தால், 'நியூட்டன்' என்ற பகுதி மூல நிரலோடு அதை ஒப்பிட்டு, நடக்கக்கூடியதா எனப் பார்க்கும். நடவாதெனில், முரணுக்குக் காரணமான நிபந்தனையைச் சுருக்கத்தில் சேர்த்து ஆய்வு மறுபடி தொடங்கும். இக்கருவியே, இயக்கிகளைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபயருக்கு அடித்தளமாக அமைந்தது. இப்பணிக்காக இருவருக்கும் 2011-இல் கணினிவழிச் சரிபார்ப்பு மாநாட்டின் (சிஏவி) விருது வழங்கப்பட்டது.

2018, 2019 ஆண்டுகளில் கோமல் பதாடே, மும்பை ஐஐடி பேராசிரியர் உதய் கேட்கர் ஆகியோர், நடவாப் பாதைத் துண்டுகளை முதலில் கண்டறிந்து, அவற்றின் வழியே வரும் தரவை மட்டும் தடுக்கும் முறையை முன்வைத்தனர். பாதைகளைத் தனித்தனியே எண்ணாமலே அவற்றின் முரணைக் கணக்கில் கொள்ளலாம் என்பதே இந்த ஆய்வுகள் தந்த தெளிவு.