எண்ணெய் கேட்காத தானம்

துணி வியாபாரம் என் தொழில். கல்வெட்டுப் படிப்பு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். மதுரை அழகர்மலைக் குகையில் கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிய தமிழ் பிராமி எழுத்துகள் உண்டு. சமண முனிவருக்குத் தானம் செய்தோரில் உப்பு வணிகன், கொழு வணிகனோடு அறுவை வணிகனும் வருகிறான். அறுவை என்றால் துணி. நம்ம ஆள்!

வந்தவாசிப் பக்கம் எங்க ஊர் ஜினாலயத்துக்கு நானும் மின்விசிறி கொடுத்தேன். மூன்றாவது கோடையில் காயில் கருகிப்போச்சு. விளக்கெண்ணெய், சுண்ணாம்பு என்று வருஷாவருஷம் கடிதம் வரும்; பார்த்துக்கொள்ளத்தான் ஊரில் ஆளில்லை, பாதிப்பேர் நம்மைப்போல் வெளியூர்.

அந்தக் குகைகளுக்கு அப்படியொரு செலவே கிடையாது. படுக்கை பாறையிலேயே செதுக்கியது. தலையணையும் அதே கல். வாயிலுக்கு மேலே காடி வெட்டியிருப்பார்கள். பாறைமேல் வழியும் மழைநீர் அந்த விளிம்போடு சொட்டிவிடும், உள்ளே வராது. 2000 வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கே செய்த பராமரிப்பு அவ்வளவுதான்.

ஆனால் மலை இருக்கணுமே! வெள்ளறை வணிகர் குழு தானம் செய்த மாங்குளம் மலையும் அழகர்மலைக்குத் தூரமில்லை. அதையொட்டிய அரிட்டாபட்டிப் பகுதியை 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்ஜனங்கள் மதுரைக்கே திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. அன்று கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்ட பையனிடம், “பழைய கூட்டாளி ஒருத்தர் சொத்து தப்பிச்சுது” என்றேன்.