இணையக் குழுக்களில் சாதி வசை: மட்டுறுத்தல் எப்படி அமைய வேண்டும்?

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. இழிவாக வீசப்பட்ட பெயரையே முகப்பில் ஏந்தி, ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கைகளை அரசின் முன் வைத்தது அவ்விதழ். சாதிப் பெயர்களைத் தடைப்பட்டியலில் இட்டுத் தானாகவே நீக்கும் ஓர் இணையக் குழுவில், இவ்வரலாற்றைக் கூறும் பதிவும் நீக்கப்படும். எந்தச் சாதியின் பெயரையும் சொல்லாமல், 'கோட்டாவில் வந்தவர்தானே' என்று சக மாணவரை எள்ளும் பதிவோ அங்கேயே நிற்கும். மட்டுறுத்தலின் அடிப்படைச் சிக்கல் இதுவே. வசை என்பது சொல்லில் மட்டும் இல்லை. யார், யாரை நோக்கி, எந்த நோக்கத்தோடு சொல்கிறார் என்பதில் இருக்கிறது.

பெருந்தளங்களின் எல்லை

முகநூல் 2018-இல் வெளியிட்ட விதிகளில், வெறுப்புப் பேச்சிலிருந்து பாதுகாக்கப்படும் அடையாளங்களுள் சாதியும் இடம்பெற்றது. 2019-இல் யூடியூப், சாதியின் பெயரால் ஒரு பிரிவினரை உயர்ந்தவராகக் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்தும் காணொளிகளுக்குத் தடை விதித்தது. ஆயினும், தமிழில் சாதி வசை நேரடியாக வருவதைவிடத் தெருவின் பெயராகவும், தொழிலின் பெயராகவும், உணவு குறித்த கேலியாகவும் வருவதே மிகுதி. 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். இத்தகைய சொல்லின் பொருளை உள்ளூர் வழக்கு அறிந்தவரே உணர முடியும். எனவே கல்லூரி வாட்ஸ்அப் குழுவாயினும் இயக்கத்தின் டெலிகிராம் குழுவாயினும், முதற்பொறுப்பு அதன் நிர்வாகிகளையே சாரும்.

விதிகளில் இருக்க வேண்டியவை

'கண்ணியமாகப் பேசவும்' என்ற பொதுவிதி போதாது. சாதி இழிவு, இடஒதுக்கீட்டை முன்வைத்த ஏளனம், பிறரது சாதியை ஆராயும் கேள்விகள், ஒருவரின் சாதியை அவர் ஒப்புதலின்றி வெளிப்படுத்துதல், சாதி கலந்த பாலியல் வசை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்ய வேண்டும். தாம் பட்ட இழிவை விவரிக்கையில் வசைச்சொல்லை எடுத்துரைப்பதும், தம் சாதிப் பெயரைத் தாமே பெருமிதத்தோடு ஏற்பதும் இத்தடைக்குள் வாரா என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

தனி எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நீக்கம் என நடவடிக்கை படிப்படியாக அமையலாம். அச்சுறுத்தலுக்கும் வெளிப்படையான சாதி வசைக்கும் உடனடி நீக்கமே தகும். முறையீட்டை, முதல் முடிவெடுத்தவரல்லாத வேறொருவர் கேட்க வேண்டும்.

நடுநிலை என்னும் பெயரில்

இழிவுபடுத்தப்பட்டவர் சினந்து பேசியதும், 'இரு தரப்பும் அமைதி காக்கவும்' என்று குழுவைப் பூட்டுவது பரவலான வழக்கம். இதில் தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமாக்கப்படுகின்றனர். முதலில் வீசப்பட்ட வசை மறைந்து, பதிலின் தொனி மட்டுமே விசாரணைக்கு உள்ளாகிறது. ஒரே ஒருவர் நிர்வாகியாக இருக்கும் குழுக்களில் இது எளிதில் நிகழும். தலித் பெண்கள் உள்ளிட்ட பலர் மட்டுறுத்துநர்களாக இருத்தல் வேண்டும். எனினும், ஒவ்வொரு வசையையும் படித்துத் தீர்ப்பளிக்கும் சுமை முழுவதையும் அவர்கள்மீதே ஏற்றுதல் ஆகாது. பணி சுழற்சி முறையில் பகிரப்பட வேண்டும்.

சட்டமும் சான்றும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட' இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் வசைபாடுவதையும் குற்றமாக்குகின்றன. இணையத்தில் வெளியானவையும் இவ்வரையறைக்குள் வரும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியது. அவமதிப்பு என்பது பாதிக்கப்பட்டவரின் சாதி அடையாளத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024-இல் வலியுறுத்தியது. ஆகவே வசைச்சொல்லோடு, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த உரையாடலும் சான்றாகிறது.

வாட்ஸ்அப்பில் நிர்வாகி ஒரு பதிவை நீக்கினால் அது அனைவருக்கும் மறைந்துவிடும். அதனால், நீக்குவதற்கு முன்பே அனுப்பியவரின் எண், தேதி, நேரம், உரையாடலின் தொடர்ச்சி ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்புகளை எடுத்து, உரையாடலையும் தனியே சேமிக்க வேண்டும். பதிவைப் பெற்ற கைபேசியையும் மாற்றமின்றிப் பாதுகாத்தல் நன்று. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. வன்கொடுமைகள் குறித்து 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம்.

வழக்குக்கு அஞ்சி மட்டுறுத்தும் பொறுப்பை ஏற்கத் தயங்குவோர் உளர். வெறுமனே குழு நிர்வாகியாக இருந்த ஒருவரை, வேறொருவரின் பதிவுக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் எடுத்தன. ஆயினும், சட்டப் பொறுப்பு இல்லை என்பதால் அறப்பொறுப்பும் இல்லாமற் போகாது.

ஒரு குழு நலமாக இருக்கிறதா என்பதை அதன் உறுப்பினர் எண்ணிக்கை காட்டாது. இழிவுக்கு ஆளானவர் மறுநாளும் அங்கே அச்சமின்றிப் பேசுகிறாரா, அல்லது ஓசையின்றி வெளியேறிவிட்டாரா என்பதே அளவுகோல்.