போத்தலுக்குள் ஓர் உலகம்

1829ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நதானியேல் வார்ட் என்னும் மருத்துவர், கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணிற் புதைத்து, கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடிவைத்தார். அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். ஆனால், அம்மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. நிலக்கரிப் புகையால் அவர் வளர்த்த பன்னங்கள் யாவும் பட்டுப்போக, இவை மட்டும் செழித்தமை எங்ஙனம்?

நேயர்களே, புகை போத்தலுட் புகவில்லை. பகல் வெம்மையில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்தது. நீராகி மீண்டும் மண்ணையே அடைந்தது. இலைகள் ஒளியைப் பெற்று உணவாக்கி ஒட்சிசனை வெளிவிட்டன. உதிர்ந்தவற்றை நுண்ணுயிர்கள் உக்கச் செய்து, காபனீரொட்சைட்டையும் உப்புக்களையும் செடிகளுக்கு மீட்டளித்தன. உயிருள்ளதும் உயிரற்றதும் கொடுத்தும் வாங்கியும் நிலைத்தன.

1833இல் இவ்வாறு கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்த செடிகள் சிட்னி வரை உயிரோடு சென்றன. பின்னாளில் ரொபேட் போர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயச் சாரலுக்கு அனுப்பியதும் இத்தகைய பெட்டிகளிலேயே.

முதற் போத்தலின் முடிவு யாது? ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒரு துளி நீரும் வார்க்காமலே அச்செடிகள் வாழ்ந்தன. பின்பு மூடி துருப்பிடித்தது, மழைநீர் மிகுதியாகப் புகுந்தது, செடிகள் மடிந்தன. அவற்றை அழித்தது வறட்சியன்று, அளவு மீறிய நீரே. சிற்றுலகின் வாழ்வு அதன் அளவிலேயே தங்கியுள்ளது.