இருந்த கோலம்

எங்கள் காரைக்காலில் தோன்றிய அம்மையார், ஆடும் இறைவன் அடியின்கீழ் ‘இருக்க’ வரம் வேண்டினார் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். “இருத்தல் என்றால் வாழ்தல்தானே, ஐயா?” என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. உட்காருதலும் அச்சொல்லின் பழம்பொருளே. ‘இருக்கை’ அதற்குச் சான்று. திருமால் கோயில்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் என்றே இன்றும் வழங்குகிறோம். சேக்கிழாருக்கு முந்திய கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்திலும் அம்மையார் அமர்ந்தே தாளமிடுகிறார். ‘இருக்க’ என்பதை வெறுமனே ‘வாழ’ என்று கொண்டால் அக்கோலமே நம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

நாளடைவில் உட்காரும் பொருள் தேய்ந்து, உளதாதலே மேலோங்கியது. ‘நின்றுகொண்டிருக்கிறான்’ என்கிறோம், நிற்பவனையும் இருத்திவிடுகிறோம்!

ஸ்பானிய மொழியில் தேய்ந்தது நிற்றல். லத்தீனில் நிற்றலைக் குறித்த ‘ஸ்தாரே’ என்னும் வினை அங்கே ‘எஸ்தார்’ ஆகி, இருத்தலைக் குறிக்கலாயிற்று. ஆகவே ஒருவன் நிற்பதைச் சொல்ல, அவர்கள் ‘காலில் இருக்கிறான்’ என்று காலையும் கூட்டிச் சொல்லவேண்டும். முன்பு காரைக்காலில் ஆட்சிமொழியாயிருந்த பிரெஞ்சிலும் நிற்றலுக்கு ஒரு சொல்லாலான வினை இல்லை. ஆங்கிலமோ நிற்றல், உட்காருதல், கிடத்தல் மூன்றுக்கும் தனித்தனி வினைகளைக் காத்துவைத்திருக்கிறது.