வெள்ளைச் சுவரும் வடக்கு வெளிச்சமும்



சரித்திரச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் உங்கள் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவற்றினும் எளிய ஒரு சான்று. வீட்டுச் சுவரில் தொங்கும் போட்டோ. அதை எடுப்பதற்கான ஸ்டூடியோவை அதிகச் செலவின்றி வீட்டுத் தாழ்வாரத்திலேயே அமைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டாகேர் என்பாரின் படமெடுக்கும் முறை உலகறிய வெளியிடப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் அக்கலை சென்னையில் வேரூன்றியது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியில் அது பயிற்றுவிக்கப்பட்டது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக நியமனம் பெற்றார். மெழுகிட்ட காகிதத்தை நெகட்டிவாகக் கொண்டு, 1858-இல் திருச்சி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஆனால் 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதை ஆடம்பரச் செலவென்று கருதினார். 1860-இல் அப்பணி நின்றுபோயிற்று.

அரசாங்கத்துக்கே ஆடம்பரமாகப் பட்ட கலை ஏழை வீட்டை எப்படி எட்டியது? வெளிச்சத்துக்கு விலையில்லை என்பது ஒரு காரணம். மின்விளக்குக்கு முற்பட்ட ஸ்டூடியோக்கள், வடக்கு நோக்கிய கண்ணாடிக் கூரையையோ பெரிய சன்னலையோ நம்பியே நடந்தன. வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் வெயிலாகச் சுடாது. நாள் முழுதும் பெரிதும் மாறாது.

இவ்வுண்மையை நான் பட்டுத்தான் அறிந்தேன். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரியலூரை அடுத்த ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். பிள்ளையை நகரத்துக்கு அழைத்துச் சென்றால் தந்தைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். எனவே இரவல் காமிரா ஒன்றை வாங்கி, பிள்ளைகளை நடுப்பகல் வெயிலில் நிறுத்தி நானே எடுத்தேன். எல்லார் கண்களும் கருங்குழிகளாக வந்தன! படச்சுருளைக் கழுவிக் கொடுத்த முதியவர் சிரித்துவிட்டு, “நிழலில் உட்கார வைத்து வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சார்” என்றார்.

மறுமுறை பள்ளியின் வடக்குத் தாழ்வாரத்தில் முக்காலி ஒன்றைப் போட்டேன். பின்னால் நான்கடி தள்ளி ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். நம் பகுதி சுண்ணாம்புக்கல் பூமியல்லவா? வெள்ளையடித்த சுவர் ஒருபுறம் இருந்து, முகத்தின் இருண்ட பக்கத்துக்கு ஒளியைத் திருப்பித் தந்தது. சுவர் இல்லாத இடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டினாலும் போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அரியலூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அம்மாதங்களில் வடபுறத்துக்கும் ஒரு கீற்றுப் பந்தல் தேவை.

சுருளில் 36 படங்கள். பிள்ளைகள் 35 பேர். மிஞ்சிய ஒன்றில், மகனுடன் வந்திருந்த ஒரு தாயை அமரச் சொன்னேன். “எனக்கெதற்குங்க ஐயா?” என்று கூசியபடியே அமர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அம்மகன் என் வீடு தேடி வந்து அந்த நெகட்டிவைக் கேட்டான். அம்மையாருக்கு வேறு படமே இருக்கவில்லை.

டிரைப் பெரும்பாலும் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். எளிய மனிதர்களின் முகங்களைச் சேமித்தவை சிற்றூர் ஸ்டூடியோக்களே. அத்தகைய பழைய தமிழகப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் பாதுகாக்க முற்பட்டதும் இதனாலேயே.

இன்று கைப்பேசியே காமிராவாகிவிட்டது. வரும் விடுமுறையில் உங்கள் பாட்டியைத் தாழ்வாரத்தில் அமர்த்தி ஒரு படம் எடுங்கள். அதைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம், படிக்க ஆளில்லாத கல்வெட்டைப் போன்றது.